உண்டியலில் விழுந்த காசு யாருடையது?



ஞாயிறு பூசையிலே காணிக்கைப் பை உங்கள் வாங்கை நெருங்கி வருகிறது. சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தோ, சட்டைப் பையைத் துழாவியோ ஒரு தாளை எடுத்துப் போடுகிறீர்கள். பை அடுத்த வாங்குக்கு நகர்கிறது. பாடகர் குழு காணிக்கைப் பாடலின் அடுத்த அடியைத் தொடங்குகிறது. அந்தத் தாள் உங்கள் கையை விட்டுப் போனபின் அது யாருடையது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

இப்படிக் கேட்டால் நம்மிடையே இரண்டு விதமான பதில் வரும். பக்தியுள்ளவர்கள், “ஆண்டவருக்குக் குடுத்தது குடுத்ததுதான், பிறகு கணக்குக் கேக்கிறது பாவம்” என்பார்கள். மற்றவர்கள் கோவிலுக்கு முன்னாலுள்ள தேநீர்க் கடையில் நின்று, சுவாமியாரின் மோட்டார் சைக்கிளுக்கு இந்த மாதம் எவ்வளவு பெற்றோல் அடிக்கப்பட்டது என்று கணக்குப் பார்ப்பார்கள். முன்னவர் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. பின்னவர் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதில்லை. இவ்விரு பகுதியாருக்கும் நடுவில் பல ஆண்டுகள் நின்றவன் நான். இந்த விஷயத்தில் ஒருமுறை சறுக்கியும் விழுந்தவன். ஆகவே இதைப் பிரசங்கமாகக் கொள்ளாமல், பட்டவன் ஒருவன் சொல்வதாக வாசியுங்கள்.

குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள் ஒரு சிறிய கரையோரப் பங்கு என் பொறுப்பில் விடப்பட்டது. எண்பத்தைந்து குடும்பங்களுக்குமேல் இராது. கோவிலிலே பழைய மாதா சுருவம் ஒன்று இருந்தது. உப்புக் காற்றில் அதன் நீல வர்ணம் பொருக்குப் பொருக்காக உரிந்து கொண்டிருந்தது. அதற்கு நல்ல மரத்தில் ஒரு கண்ணாடிக் கூடு செய்வதென்று சனம் தீர்மானித்து, அதற்கென்றே ஒரு பெட்டியைச் சுருவத்தின் காலடியில் வைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக அந்தப் பெட்டி நிரம்பிக் கொண்டு வந்தது.

ஒரு வாடைக் காலத்தின் நடுவே, இரவு பத்து மணி கழிந்து, ஒரு பெண் அறைவீட்டுக் கதவைத் தட்டினாள். கணவனை மறுநாட் காலையிலேயே கொழும்புக்குக் கொண்டு போகவேண்டும். வள்ளம் கரையில் இழுத்துக் கிடக்கிறது. நகைகள் ஏற்கனவே அடைவில். நான் அதிகம் யோசிக்கவில்லை. கூட்டுப் பெட்டியைத் திறந்து 35,000 ரூபாவை எண்ணி அவள் கையில் கொடுத்தேன். அந்தக் குடும்பத்தின் மானத்தை எண்ணி ஒருவருக்கும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதானால் என் செயல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுத்த ஞாயிறு நல்ல சமாரியனைப் பற்றிப் பிரசங்கித்தேன். பிரசங்கம் நன்றாயிருந்ததென்று பலர் சொன்னார்கள்.

தச்சருக்கு முற்பணம் கொடுக்கவேண்டிய நாள் வந்தபோது பெட்டி எண்ணப்பட்டது. காசு குறைந்தது. கோவிற் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஆளின் பெயரைச் சொல்லாமல், நடந்ததைச் சொன்னேன். மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார். சுவாமியார் செய்தது, யார் என்ன கேட்பது? ஆனால் வாசற்படியில் கருவாட்டுக் கடகத்தோடு குந்தியிருந்த ஓர் ஆச்சி எழுந்தார். அவர் சபை அங்கத்தவர் அல்ல. அந்தப் பெட்டியில் வாரம் தவறாமல் போட்டவர்.

“சுவாமி, நான் போட்டது மாதாவின்ரை கூட்டுக்கு.”

நான் படித்தவன் அல்லவா! பொன்வாய் அருளப்பர் அந்தியோக்கியாவில் செய்த பிரசங்கத்தை எடுத்துச் சொன்னேன். பீடத்திலே பொற்கிண்ணத்தை வைத்துவிட்டு, வாசலில் கிறிஸ்துவைப் பட்டினியாக விடுவதில் என்ன பயன் என்று அவர் கேட்டதை விளக்கினேன். ஆச்சி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“நீங்கள் சொல்லுறது சரி சுவாமி. எண்டாலும் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். நான் மாட்டன் எண்டே சொல்லியிருப்பன்? அந்தப் புண்ணியத்தையும் எங்களுக்குத் தராமல் நீங்களே எடுத்திட்டியள்.”

வாசகரே, குருமடத்தில் அறநெறி இயலைப் பல ஆண்டுகள் படித்தேன். அந்த வாசற்படியில் அரை நிமிடத்தில் படித்தது அதற்குக் குறைந்ததல்ல. கொடுக்கும் உரிமை அவருடையது. காசை மட்டுமல்ல, கொடுத்தலையே நான் அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். அவர் 35,000 ரூபாவில் ஒரு சிறு பங்கைத்தான் தந்திருப்பார். ஆனால் நோயாளி ஒருவனைக் கொழும்புக்கு அனுப்பியவர்களில் தாமும் ஒருவர் என்ற நிறைவு முழுவதாக அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது. அந்த மனிதர் பிழைத்து வந்தார். அதற்காக இன்றும் ஆண்டவருக்கு நன்றி கூறுகிறேன். கூடு செய்து முடிய மேலும் இரண்டு வருடமாயிற்று. அதைப் பூட்டி மந்திரித்த நாளில் ஆச்சி உயிரோடு இல்லை.

1983ஆம் ஆண்டில் இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசர் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1267ஆம் இலக்கச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒரு குறித்த நோக்கத்துக்கென விசுவாசிகள் தந்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம். அதை நான் பரீட்சைக்கு எழுதியுமிருக்கிறேன். ஆனால் சட்டத்தைச் சட்டமாகவே படித்தேன். அதற்குள் ஓர் ஆச்சி இருப்பாரென்று நினைக்கவில்லை.

நீங்கள் இப்போது என்னை மடக்கலாம். “மிலான் ஆயர் புனித அம்புரோஸ், போரிலே சிறைப்பட்டவர்களை மீட்பதற்குக் கோவிற் பாத்திரங்களையே உடைத்து உருக்கவில்லையா? உயிராபத்தில் பொருள்கள் எல்லாம் பொதுவாகிவிடும் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் எழுதவில்லையா?” என்று கேட்கலாம். ஓம், இரண்டும் உண்மை. ஒருவன் செத்துக்கொண்டிருக்கும்போது கண்ணாடிக் கூட்டைக் காட்டிக் கதவைச் சாத்துகிற குருவானவன் வேறு தொழில் பார்க்கலாம். ஆனால் என் வழக்கை நானே விசாரித்துப் பார்த்தேன். மூப்பரின் வீடு அறைவீட்டிலிருந்து நூறு யார் தூரத்தில் இருந்தது. அவரை எழுப்பியிருக்கலாம். எனது சொந்தப் பணமும் கொஞ்சம் இருந்தது. அதை முதலில் எடுத்திருக்கலாம். அவசரமென்று பெட்டியைத் திறந்திருந்தாலும், அடுத்த ஞாயிறே பெயர் குறிப்பிடாமல் சனத்துக்குச் சொல்லி அவர்களின் சம்மதத்தைப் பெற்றிருக்கலாம். அம்புரோஸ் தம் செயலை மறைக்கவில்லை. அவரைப் பழித்தவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பகிரங்கமாகப் பதில் எழுதினார். நான் வாரக்கணக்காக வாய் திறக்கவில்லை. தச்சர் வந்திராவிட்டால் இன்னும் பல வாரம் திறந்திருக்க மாட்டேன்.

நற்செய்தியில் ஏழைகளின் பெயரைச் சொல்லிக் கோவிற் செலவைக் கண்டிக்கிற ஒரு குரல் கேட்கிறது. பெத்தானியாவிலே மரியா விலையுயர்ந்த தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் பூசியபோது, இதை முந்நூறு வெள்ளிக்காசுக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாஸ். பணப்பை அவனிடம் இருந்தது என்றும், அதில் அவன் திருடி வந்தான் என்றும் புனித அருளப்பர் எழுதுகிறார். நான் ஒரு சதமும் திருடவில்லை. ஆனாலும் அந்த அதிகாரத்தைப் பூசையில் வாசிக்கும்போது என் குரல் இன்றும் கொஞ்சம் தாழ்ந்துதான் வருகிறது.

ஆதித் திருச்சபை இந்தக் காசைப் பற்றி எப்படி எண்ணியது? 155ஆம் ஆண்டளவில் புனித யுஸ்தீன், கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாட்டை உரோமைப் பேரரசனுக்கு விளக்கி எழுதினார். வசதியுள்ளவர்கள் தத்தம் விருப்பப்படி தருவார்கள். அது தலைவரிடம் வைக்கப்படும். அவர் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்போர், வழிப்போக்கர் ஆகியோரைப் பராமரிப்பார் என்கிறார். 197ஆம் ஆண்டளவில் கார்த்தேஜ் நகரின் தெர்த்துல்லியன் இன்னும் விளக்கமாக எழுதுகிறார். மாதம் ஒருமுறை, இயன்றவர் மட்டும், எவரும் வற்புறுத்தாமல் இடுகிற காசு அது. விருந்துக்கும் குடிக்கும் அதைச் செலவிடுவதில்லை. ஏழைகளுக்கு உணவிடவும், அவர்களை அடக்கம் செய்யவும், பெற்றோரற்ற பிள்ளைகளுக்கும், வீட்டில் முடங்கிய முதியோருக்கும், கப்பல் உடைந்து கரை சேர்ந்தவர்களுக்கும் செலவிடுகிறோம் என்று கணக்குச் சொல்கிறார். கரையோரத்தில் வாழும் நமக்கு அந்தக் கடைசிப் பகுதியைக் கவனிக்காமல் இருக்க முடியுமா? கடலில் கெட்டவனுக்கென்று அந்தக் காலத்துப் பெட்டியில் ஒரு பங்கு இருந்தது.

பின்னர் கோவில்கள் கட்டப்பட்டன, குருமார் பெருகினார்கள், செலவும் பெருகியது. 494இல் ஜெலாசியுஸ் பாப்பரசர் வருமானத்தை நான்காகப் பிரிக்கும்படி எழுதினார். ஒன்று ஆயருக்கு, ஒன்று குருமாருக்கு, ஒன்று ஏழைகளுக்கு, ஒன்று கோவிற் கட்டடத்துக்கு. இன்றைய சட்டம் நாலில் ஒன்று என்று அளவு குறிக்கவில்லை. ஆயினும் அதன் 1254ஆம் இலக்கம் திருச்சபையின் சொத்துக்கு இதே நோக்கங்களையே சொல்கிறது: வழிபாடு, பணியாளரின் தகுதியான பராமரிப்பு, அப்போஸ்தலிக்கப் பணியும் பிறரன்புப் பணியும், சிறப்பாக ஏழைகளுக்கு.

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். இது எந்தப் பங்கின் கணக்குமல்ல. நம் சிறு பங்குகளின் நிலைமையை வைத்து நானே எழுதிப் பார்த்த மாதிரி. எண்பத்தைந்து குடும்பங்கள். ஞாயிறு காணிக்கை வாரத்துக்கு 8,500 ரூபா, ஆண்டுக்கு 4,42,000. மாதச் சந்தா 200 ரூபா, ஒழுங்காகக் கட்டுவோர் அறுபது குடும்பம் என்று வைத்தால் 1,44,000. உண்டியலும் மெழுகுதிரிப் பெட்டியும் மாதம் 6,000 வீதம் 72,000. ஆக வரவு 6,58,000.

செலவு: கோவிலைக் கூட்டி மணியடிக்கிற பணியாளருக்கு மாதம் 15,000 வீதம் 1,80,000. (இந்தத் தொகையை எழுதவே கூசுகிறது. நீதியான கூலியைப் பற்றி நாம் பீடத்திலிருந்து பேசுகிறோம். அந்த ஒலிவாங்கியைத் துடைத்து வைப்பவர் இந்தச் சம்பளத்தில் இருக்கிறார்.) மின்சாரம் 96,000. ஓஸ்தி, பூசை இரசம், மெழுகுதிரி, பூ ஆகியன 60,000. குருவானவரின் உணவு, பயணம், அறைவீட்டுச் செலவு 1,92,000. ஓடு மாற்றல், வெள்ளையடித்தல் போன்ற திருத்த வேலை 70,000. மறைக்கல்விப் பிள்ளைகளின் புத்தகமும் பரிசும் 30,000. ஆக 6,28,000. மீதி 30,000 ரூபா.

ஜெலாசியுஸின் நாலிலொன்று நமக்கு எவ்வளவு? 1,64,500. நம் கையில் ஏழைகளுக்கு மிஞ்சியது முப்பதாயிரம். அதுவும் ஒரு தூண் வெடிக்காமல் இருந்தால். வின்சென்ட் டி போல் சபையார் தனியாகப் பெட்டி வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். 1833இல் பாரிஸ் நகரில் பிரடெரிக் ஒசானாமும் நண்பர்களும் அந்தச் சபையைத் தொடங்கியது, மற்றக் கிறிஸ்தவர்கள் நிம்மதியாக இருப்பதற்காக அல்ல.

இந்தக் கணக்கைப் பார்த்து, சிறிய பங்கு ஏழைப் பங்கு, அதனிடம் எப்படி மிஞ்சும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், திருநாள் என்று ஒன்று வராதிருந்தால். கொடியேற்றத்திலிருந்து திருநாட் பூசைவரை பத்து நாள். ஒலிபெருக்கி, மின் அலங்காரம், பாண்ட் வாத்தியம், வாணவேடிக்கை, விருந்து. அதே எண்பத்தைந்து குடும்பங்களும் வெளிநாட்டிலுள்ள அவர்களின் பிள்ளைகளும் சேர்ந்து ஐந்து லட்சம், ஆறு லட்சம் என்று சேர்த்துவிடுகிறார்கள். ஆண்டு முழுவதும் கோவில் மூச்சுவிடத் தேவைப்படுகிற காசு பத்து நாளில் கிடைக்கிறது. பத்து நாளில் தீர்ந்தும் போகிறது. ஆகவே நம்மிடம் காசில்லை என்று சொல்ல முடியாது.

திருநாளை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் தேநீர்க் கடையில் கதை கட்ட வேண்டாம். 1990களில் இடம்பெயர்ந்து, சுருவத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போய், கிடுகுக் கொட்டிலில் வைத்துத் திருநாள் கொண்டாடிய சனம் நாங்கள். அந்தக் கொண்டாட்டம் இல்லாதிருந்தால் பலருக்கு ஊர் என்ற நினைவே அற்றுப்போயிருக்கும். பொன்வாய் அருளப்பரும்கூடப் பீடத்தை அலங்கரிக்க வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு, அதற்கும் முன்பாக, பசித்தவனைப் பாருங்கள் என்றுதான் சொன்னார். ஆச்சியிடம் நான் அந்தப் பகுதியைச் சொல்ல மறந்துவிட்டேன்.

என் கேள்வி வேறு. திருநாட் செலவைத் தீர்மானிக்கும்போது நாம் எதை எதோடு ஒப்பிடுகிறோம்? பெரும்பாலும் பக்கத்துப் பங்கின் திருநாளோடு. அவர்கள் இரண்டு பாண்ட் பிடித்தால் நாம் மூன்று. நம் கோவிலின் சொந்த ஆண்டுக் கணக்கோடு அதை வைத்துப் பார்ப்பதில்லை. இரண்டும் இரண்டு புத்தகத்தில் இருக்கின்றன, இரண்டு தனாதிகாரிகள். ஒரே தாளில் எழுதி ஒரே கூட்டத்தில் வாசித்தால், வாணவேடிக்கை என்ற சொல்லும் பணியாளரின் சம்பளம் என்ற சொல்லும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அதைக் கண்ட பின் நான் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

வெளிநாட்டு உபயங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவிலும் பிரான்சிலும் இரவு வேலை செய்து, ஊர்க் கோவிலை நினைத்துக் காசு அனுப்புகிற பிள்ளைகளின் பாசத்தைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒருவர் பன்னிரண்டு மின்விசிறிகளை உபயமாகத் தருகிறார். (இறகில் பெயர் எழுதியிருக்கும். சுழலும்போது வாசிக்க முடியாதென்பது ஓர் ஆறுதல்.) விசிறி ஒருமுறை வாங்கப்படுகிறது, அது குடிக்கும் மின்சாரத்துக்கு மாதாமாதம் காசு கட்டுவது யார்? ஞாயிறு பையில் விழும் இருபது ரூபாத் தாள்கள். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் ஏறியபோது இது நம் பங்குகளுக்கு நன்றாகவே விளங்கியது. அதே 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. வள்ளத்துக்கு எண்ணெய் அடிக்க வழியில்லாமல் கரையில் இருந்தவன், தான் கேட்டிராத கோபுர விளக்குக்குக் கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தான்.

எனவே உபயம் ஒன்று வரும்போது, அது பின்னால் கொண்டுவரும் செலவையும் சேர்த்து எண்ணவேண்டும். நியாயமான காரணமின்றிக் காணிக்கையை மறுக்கலாகாது என்று சட்டம் சொல்கிறது. ஆகவே நியாயமான காரணம் இருந்தால் மறுக்கலாம். நிபந்தனையும் பொறுப்பும் கட்டிய காணிக்கையை ஏற்கு முன் மறைமாவட்டத் தலைமையின் அனுமதி வேண்டுமென்றும் அதே 1267ஆம் இலக்கம் கூறுகிறது. இதைச் சொல்லி ஒரு நல்ல மனிதருக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தால் எனக்கு இரண்டு நாள் நித்திரை வராது. ஆனால் எழுதலாம். “தம்பி, கோபுரத்துக்கு மணிக்கூடு வேண்டாம், கோவிலைக் கூட்டுகிறவரின் சம்பளத்தில் ஐந்து வருடத்துக்கு ஒரு பங்கைத் தா” என்று கேட்கலாம். அதற்குப் பெயர்ப் பலகை வைக்க இடமிராது. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று ஆண்டவர் சொன்னதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறு கிடைக்குமா?

இன்னொன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அது சந்தா. கோவிலின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசியின் கடமை; 222ஆம் இலக்கச் சட்டம் அதைச் சொல்கிறது. ஆகவே சந்தா தவறல்ல. ஆனால் சந்தா நிலுவையில் இருக்கிறதென்று, செத்த வீட்டுக்காரனைச் சவக்காலைக் குழிக்கு முன்பாகக் கணக்குத் தீர்க்கச் சொல்வது? அப்படி நடந்ததை நான் கண்டிருக்கிறேன். எந்த இடமென்று சொல்லமாட்டேன். மூன்று வருட நிலுவையைக் கட்டினால்தான் மணியடிக்கலாம் என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இறந்தவரின் மகன் அயலில் கடன் வாங்கிக் கட்டினான். மணி அடிக்கப்பட்டது. அந்தப் பையன் அதன்பின் அந்தக் கோவிலுக்குள் வந்ததாக எனக்கு நினைவில்லை. வறுமையின் காரணமாக ஒருவருக்கும் தேவதிரவிய அனுமானங்கள் மறுக்கப்படக் கூடாது என்று 848ஆம் இலக்கமும், அடக்கச் சடங்கில் ஆள் பார்க்கக் கூடாது, ஏழைகளுக்குரிய தகுதியான அடக்கம் பறிபோகக் கூடாது என்று 1181ஆம் இலக்கமும் கட்டளையிடுகின்றன. தெர்த்துல்லியனின் காலத்தில் ஏழையை அடக்கம் செய்யப் பெட்டியிலிருந்து காசு எடுத்தார்கள். நாம் ஏழையின் பிணத்தைக் காட்டிப் பெட்டிக்குள் காசு போட வைத்தோம்.

சந்தா கட்டமுடியாதவனை அறிந்து, அவன் பெயரைப் பலகையில் எழுதாமல் விடுகிற விவேகம் தனாதிகாரிக்கு வேண்டும். ஏலுமிருந்தும் கட்டாதவனை வீட்டில் போய்க் கண்டு பேசுகிற துணிவும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம். எனவேதான் 537ஆம் இலக்கம் ஒவ்வொரு பங்கிலும் குருவானவருக்குத் துணையாக நிதிக்குழு இருக்கவேண்டும் என்கிறது. பல இடங்களில் அந்தக் குழு பெயரளவில் இருக்கிறது. குருவானவர் எழுதியதில் ஒப்பமிடுவதே அதன் வேலை. விசுவாசிகள் தந்த பொருளுக்கு விசுவாசிகளிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று 1287ஆம் இலக்கம் விதித்திருப்பதும் பலருக்குத் தெரியாது. ஆகவே கணக்குக் கேட்பது பாவமென்று அஞ்சுகிற தாய்மாரே, பயப்படாதீர்கள். எருசலேம் ஏழைகளுக்கெனத் திரட்டிய பணத்தைக் கொண்டுபோகப் புனித சின்னப்பரே தனியாகப் போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் கூட்டிக்கொண்டார். அவ்வளவு பெருந்தொகையில் தம்மேல் ஒரு குறையும் வரக்கூடாது, ஆண்டவர் முன் மட்டுமல்ல மனிதர் முன்னும் நேர்மையாயிருக்க வேண்டும் என்று எழுதினார். அப்போஸ்தலருக்கு அது இழுக்காகப் படவில்லை. கைம்பெண்களின் பங்கீட்டில் முறைப்பாடு எழுந்தபோதும் முறையிட்டவர்களைப் பன்னிருவர் அதட்டவில்லை. புனித முடியப்பர் உட்பட ஏழு பேரைச் சனமே தெரிந்தெடுக்கச் செய்தார்கள்.

ஆண்டு முடிந்தபின் கணக்கு வாசிப்பது நல்லது. ஆனால் அது நடந்ததைச் சொல்வது. ஆச்சி கேட்டது அதுவல்ல. எடுக்கு முன் கேள் என்றார். ஆண்டு தொடங்கு முன்னரே வரவு செலவுத் திட்டத்தைச் சனத்தின் முன் விரித்து வைத்து, “இவ்வளவு வரும் என்று நம்புகிறோம், இதிலே ஓட்டுக்கு எவ்வளவு, ஓஸ்திக்கு எவ்வளவு, ஒட்டிய வயிற்றுக்கு எவ்வளவு?” என்று கேட்பதே அவர் விரும்பிய வழி. வாக்குவாதம் வரும். நேரம் போகும். கூட்டம் முடிய இரவு பத்தாகும். கொடுத்தவர்கள் கொடுத்ததன்மேல் தங்கள் கையை வைத்திருப்பதற்கு அந்த நேரத்தைவிடக் குறைந்த விலை இல்லை.

அதற்குப் பிறகு நான் பொறுப்பேற்ற பங்குகளில் திட்டத்தின் ஏழாம் இலக்கமாக ஒரு வரியைச் சேர்த்தேன். “பெயர் சொல்லாத் தேவைகள்” என்று எழுதினோம். இரவில் கதவைத் தட்டுகிறவர்களுக்காகச் சனமே முன்கூட்டி ஒதுக்கும் தொகை அது. யாருக்குக் கொடுத்தோம் என்பது எனக்கும் இரண்டு மூப்பர்களுக்கும் மட்டும் தெரியும். எவ்வளவு கொடுத்தோம் என்பது எல்லாருக்கும் தெரியும். முதல் ஆண்டு 25,000 ரூபா ஒதுக்கினார்கள். வருட முடிவில் கணக்கை வாசித்தேன். செலவு 20,800, மீதி 4,200. ஒழுங்காகத்தான் நடத்தியிருக்கிறேன் என்ற திருப்தியோடு தாளை மடித்தேன்.

பின்வாங்கிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார். “மீதி ஏன் கிடக்குது சுவாமி? தேவை இருக்கேல்லையோ, நீங்கள் தேடேல்லையோ?”

மடித்த தாளைத் திரும்பவும் விரித்துப் பார்த்தேன். பதில் அதில் இல்லை.